மேவரிக், ஜான் ஹான்காக்: 'ஆகுபெயர்' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவருடைய பெயரிலிருந்து பிறந்த சொல்லை (ஆங்கிலத்தில் 'eponym') தமிழில் எப்படி அழைப்பது என்று பேசிவருகிறோம். ஒருவருடைய பெயரே பொதுச்சொல் ஆகிவிட்டால் அதையும் 'ஆகுபெயர்' (ஒன்றன் பெயர் அதோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவருவது) என்றே சொல்லிவிடலாம் என்று ஐயா எழுதியிருந்தார். பாதி சரி. 'திருவள்ளுவர் படித்தேன்' என்பது கருத்தாவாகுபெயர்; எழுதியவர் பெயர் நூலுக்கு ஆகிறது. அமெரிக்கர்கள் துரோகியை 'பெனடிக்ட் ஆர்னல்ட்' என்பதும், நாம் சூழ்ச்சிக்காரனைச் 'சகுனி' என்பதும் ஒப்புமையால் வரும் உவமையாகுபெயரில் அடங்கிவிடும்.

ஆனால் மேவரிக்கை எங்கே வைப்பது? சாமுவேல் மேவரிக், 1836இல் டெக்சாஸ் விடுதலை அறிக்கையில் கையெழுத்திட்டவர். தன் மாடுகளுக்கு, யாருடையவை என்று காட்டும் சூட்டுக்குறியைப் போடாமல் விட்டிருந்தார். அப்புறம் குறியில்லாமல் திரிந்த எந்த மாடும் 'மேவரிக்' ஆனது. அங்கிருந்து கட்சிக்குக் கட்டுப்படாத அரசியல்வாதிக்கும் அந்தப் பெயர் வந்தது. இன்று அதைச் சொல்பவர்கள் அந்த மனிதரை நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில்தான் எழுதுகிறார்கள். திருவள்ளுவரை மறந்துவிட்டால் நம் எடுத்துக்காட்டு விளங்காது. மேவரிக்கோ ஆளை மறந்த பிறகும் நன்றாக விளங்குகிறது.

ஜான் ஹான்காக் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. 1776 அமெரிக்க விடுதலை அறிக்கையில் அவர் பெரிதாகப் போட்ட கையெழுத்தால், 'இங்கே உங்கள் ஜான் ஹான்காக் போடுங்கள்' என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 'ஆனி ஓக்லி'. விளையாட்டுச் சீட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டுத் துளைத்த வீராங்கனை அவர். துளையிட்ட இலவச டிக்கெட்டுக்கு அவர் பெயரே வந்துவிட்டது.

இன்னொன்று, ஆகுபெயர் பெயர்ச்சொல்லுக்கு மட்டும்தான். அமெரிக்க மரவெட்டிகளின் கதைகளில் வரும் ராட்சதன் பால் பன்யனிலிருந்து 'பன்யனெஸ்க்' (மிகப் பெரிய) என்று பெயரடையே பிறந்திருக்கிறது.

'பெயர்வழிச்சொல்' என்று ஒருவர் முன்வைத்தார். அது 'பேர்வழி' என்று காதில் விழுகிறது. 'ஆள்வழிச்சொல்' எப்படி?

*

தம்பிக்கு,

பெயரடை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஐயம்: பால் பன்யன் கதையில் மட்டும் வாழ்ந்தவன். அவனை 'ஆள்' எனலாமா?

*

ஐயா, எனலாம் என்றே நினைக்கிறேன். பாறையைத் துளைக்கும் நீராவி எந்திரத்தோடு போட்டியிட்டு ஜெயித்து, அந்த உழைப்பிலேயே உயிரைவிட்ட ஜான் ஹென்றியும் அமெரிக்க நாட்டுப்பாடல்களில் வாழ்பவன்தான். ஓயாமல் போராடியே உடல் தேய்வதை 'ஜான் ஹென்றியிசம்' என்று மருத்துவ ஆய்வாளர் ஷெர்மன் ஜேம்ஸ் பெயரிட்டார். கதையில் வருபவரையும் 'அந்த ஆள்' என்றுதானே பேசுகிறோம்?

*

சரி தம்பி. 'ஆள்வழிச்சொல்' இருக்கட்டும். மேவரிக்கை முதல் எடுத்துக்காட்டாகப் போடுங்கள்.