மாத்திரைக்குப் பிறகு ரயில் சத்தத்துக்கும் எழுந்து வராத மகன்

அருவங்காடு அம்மா:

என் மகனுக்கு 8 வயது. ஆட்டிசம் என்று 3 வயதிலேயே தெரிந்துவிட்டது. ஏடிஎச்டியும் (கவனக்குறைவும் மிகை இயக்கமும்) சேர்ந்திருக்கிறது என்று போன ஆண்டுதான் கோவையில் சொன்னார்கள்.

எங்கள் வீடு தண்டவாளத்துக்கு மேலே, தேயிலைச் சரிவில். மலை ரயில் கூவினால் போதும், கையில் சோறு ஒட்டியிருக்க வாசலுக்கு ஓடுவான். மேட்டுப்பாளையம், கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று தொடங்கி லவ்டேல், உதகை வரை ஒப்பித்துவிட்டுத்தான் உள்ளே வருவான். நடுவில் யாராவது பேசிவிட்டால் மறுபடி மேட்டுப்பாளையம்.

ஏடிஎச்டிக்காக மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. முதல் மாதம் 5 மில்லிகிராம், காலையும் மதியமும். நன்றாகத்தான் இருந்தது, முதல் முறையாக ஒரு பக்கம் முழுக்க எழுதினான். ஆனால் மதிய மாத்திரையைக் கொடுக்கும் பொறுப்பைப் பள்ளியில் ஏற்கவில்லை. அதனால் காலையில் ஒன்றே போதும் என்று 10 மில்லிகிராம் மாத்திரையாக மாற்றினார்கள். அவனுக்கு மாத்திரை விழுங்க வராது. கரண்டியால் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன்.

அதிலிருந்து பிள்ளை பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். மதியச் சாப்பாட்டு டப்பா தொடாமல் வருகிறது. மாலை ஆனால் காரணமில்லாத அழுகை. ஒரு கிலோ எடை குறைந்துவிட்டது. போன வாரம் ரயில் கூவியது. தலையைத் தூக்கிப் பார்த்தான், எழுந்து வரவில்லை. ஆசிரியைக்கோ பரம திருப்தி, “இப்போதுதான் அடங்கியிருக்கிறான்” என்கிறார். மாத்திரை என்றால் இப்படித்தான் இருக்குமா? நிறுத்திவிடலாமா?

கோத்தகிரி பாட்டி:

வளர்கிற பிள்ளைக்கு எதற்கம்மா இந்த மாத்திரையெல்லாம்? சர்க்கரையை நிறுத்திக் கருப்பட்டி கொடுத்துப் பாருங்கள். எங்கள் காலத்தில் துறுதுறுவென்று இல்லாத பிள்ளை உண்டா?

மருந்துக்கடைக்காரர், குன்னூர்:

அம்மா, முதலில் அட்டையை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்று இருக்கிறதா? இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதற்காகச் செய்த மாத்திரை. பொடிக்கக் கூடாது, மெல்லவும் கூடாது. பல மணி நேரத்துக்குப் பிரித்து இறங்க வேண்டிய மருந்து முழுவதும் ஒரே மூச்சில் இறங்கிவிடும். உங்கள் மகன் ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம் பழகியவன். பொடித்தால் ஒரே நேரத்தில் 10 போகிறது. பொம்மை மாதிரி இருப்பதற்கும் மாலை அழுகைக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. இது எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடையில் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தனி உரிமமும் தேவை. மலையில் பல கடைகளில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான், எங்கள் கடையிலும் இல்லை. சீசன் நெரிசலில் பர்லியார் வளைவுகளில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, தீருவதற்கு 10 நாள் முன்பே கோவைக்குப் போய்விட்டு வாருங்கள்.

கொடைக்கானல் அப்பா:

சகோதரி, என் மகளுக்கு 10 வயது, இரண்டும் இருக்கிறது. இதே மருந்தில் அவள் நகக்கண்ணைப் பிய்த்துப் பிய்த்து ரத்தம் வரவழைத்துக்கொண்டாள். அதனால் அடோமாக்ஸெட்டின் என்ற வேறு மருந்து கொடுத்தார்கள். அது மெதுவாக வேலை செய்கிற மருந்து, ஆறாவது வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டுகிறது.

2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசமும் மிகை இயக்கமும் உள்ள 72 பிள்ளைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் பலன். 18 சதவீதம் பேர் பக்கவிளைவால் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாகக் கேட்கிறது. எனவே ஒரு மருந்து ஒத்துவரவில்லை என்றால் குற்றம் உங்களுடையது அல்ல.

விழுங்கப் பழக்க நாங்கள் சீரக மிட்டாய் வாங்கினோம். நாக்கின் மேல் ஒன்று, ஒரு வாய் தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு மாதம் பிடித்தது. எங்கள் வீட்டு எறும்புகளுக்கும் நல்ல காலம்.

அருவங்காடு அம்மா (12 நாள் கழித்து):

எஸ்.ஆர். என்றுதான் இருந்தது. கடுகு அளவு எழுத்து, இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மருத்துவரிடம் பேசினேன். பழைய 5 மில்லிகிராமுக்கே திரும்பச் சொன்னார், அதைப் பொடிக்கலாமாம். மதிய வேளைக்காகப் பள்ளிக்குக் கடிதம் கொடுத்தார். கடிதத்தைப் பார்த்ததும் தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார். இதை முதலிலேயே செய்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். மாத்திரைக்கு முன்பே மூன்று இட்லி உள்ளே போய்விடுகிறது. மதியம் இன்னும் பாதிதான் சாப்பிடுகிறான். இரவு 9 மணிக்குப் பசி என்று வர்க்கி டப்பாவைத் திறக்கிறான்.

பாட்டி, கருப்பட்டி இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தாயிற்று. என் மாமியாரும் உங்கள் கட்சிதான்.

“மறுபடி பேச ஆரம்பித்துவிட்டான்” என்று ஆசிரியை குறைப்படுகிறார். நேற்று மாலை வண்டிக்கு வாசலுக்கு ஓடினான். அவன் காட்டேரி ஸ்டேஷன் வரை ஒப்பித்தபோது நான் குறுக்கே பேசிவிட்டேன். முறைத்துவிட்டு மேட்டுப்பாளையத்துக்குத் திரும்பினான்.

சீரக மிட்டாய் வாங்கியாயிற்று. தரையில் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டேஷன் பெயர் வைத்திருக்கிறான். இதுவரை கல்லாறையும் குன்னூரையும்தான் விழுங்கியிருக்கிறான்.