ஆத்தா வீடு குழு: வைவாவுக்கு முந்தின நாள்

வியாழன்

மாலை 4:12
நான்: நாளை காலை 11 மணிக்கு என் ஆய்வேட்டுக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஆய்வுக்கு வழிகாட்டுகிற கைடு இப்போதுதான் கூப்பிட்டார். வீட்டிலிருந்து 3 பேர் ஹாலுக்கு வரலாம், மற்றவர்கள் ஜூம் லிங்கில் பார்க்கலாம் என்றார். இன்று மதியம் அந்த ஹாலில் ஒத்திகை பார்த்தோம். மலேசியாவில் இருக்கிற எக்ஸ்டெர்னலுக்கு, அதாவது வெளித் தேர்வாளருக்கு, நான் ரெக்கார்டு செய்துவைத்த அப்பத்தா குரல் கேட்கவே இல்லை. மாமா, இருக்கிறீர்களா?

அத்தை: மாமா தோப்பில். போன் இங்கே சார்ஜில் கிடக்கிறது. வந்ததும் சொல்கிறேன்

அம்மா: 3 பேர் யார் யார்?

பெரியப்பா: நான் வருவேன்.

பெரியம்மா: பாப்பா நல்லபடியாகச் செய் சாமி

துபாய் அண்ணன்: இங்கே 9:30. ஆபீசில் ஹெட்போன் போட்டுக் கேட்கிறேன். மலேசியாவில் என்ன மணி?

நான்: மதியம் 1:30 அண்ணா. அவர் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவார்.

தம்பி: நமக்குச் சாப்பாடு உண்டா அக்கா

அம்மா: உனக்கு அதே நினைப்பு

மாலை 5:03
மாமா: பாப்பா, வந்துவிட்டேன். ஹாலில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் சொல். போட்டோ இருந்தால் போடு.

நான்: (போட்டோ) (போட்டோ) (போட்டோ)

நான்: போடியத்தில் ஒரு கம்ப்யூட்டர், மேலே புரொஜெக்டர், சீலிங்கில் 4 ஸ்பீக்கர், பின்சுவரில் ஒரு கேமரா. ஒரு காலர் மைக், ஒரு கை மைக். ஸ்லைடில் வைத்திருந்த ஆடியோவைப் போட்டேன். ஹால் முழுக்கக் கணீரென்று கேட்டது. எக்ஸ்டெர்னல் மட்டும் காதைக் காட்டி ஒன்றும் வரவில்லை என்றார். அப்புறம் என் போனில் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். அப்பத்தா பேசுவது போனது. மாட்டை ஓட்ட நாக்கைத் தட்டுவாளே அது போகவில்லை. பின்னால் அம்மா தண்ணீர் சேந்துகிற ராட்டினச் சத்தமும் போகவில்லை.

பெரியப்பா: அந்த நாக்குச் சத்தம் இல்லாமல் என்ன கவலை இறைப்பு?

நான்: அதேதான் பெரியப்பா. நாலாவது இயலே அதை வைத்துத்தான்.

மாலை 5:21
மாமா: இரண்டும் வேறு வேறு கோளாறு. நிதானமாகப் படி. ஸ்கிரீன் ஷேர் கொடுத்தால் படம் மட்டும்தான் போகும். சத்தத்துக்குத் தனியாக அனுமதி கொடுக்கவேண்டும். ஷேர் பொத்தானை அமுக்கியதும் ஒரு ஜன்னல் வரும், அதன் கீழே 'ஷேர் சவுண்ட்' என்று சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டபிறகுதான் ஷேர் கொடுக்கவேண்டும். மறந்துவிட்டால் பதறாதே, மேலே வருகிற பட்டையில் 'மோர்' என்பதற்குள்ளும் அது இருக்கிறது. ஹால் ஸ்பீக்கரில் கேட்டதால் எல்லோருக்கும் கேட்கிறது என்று நினைத்துவிட்டாய். ஹாலுக்குப் போகிற வயர் வேறு, ஜூமுக்குப் போகிற வழி வேறு.

மாமா: அடுத்தது மைக். மைக்கில் போகிற சத்தத்தை ஜூம் சலித்துத்தான் அனுப்பும். மனிதக் குரலை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இரைச்சல் என்று அமுக்கிவிடும். ஃபேன் சத்தத்துக்கும் நாய் குரைப்பதற்கும் அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆத்தா நாக்கைத் தட்டுவதும் ராட்டினம் கிறீச்சிடுவதும் அதற்கு ஃபேன் சத்தம் மாதிரிதான். ஷேர் சவுண்டில் போட்டால் கம்ப்யூட்டருக்குள் இருந்து நேராகப் போகும், சல்லடை கிடையாது. இனிமேல் போனை மைக்கில் பிடிக்கவே பிடிக்காதே.

அத்தை: கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி சொல்லிவிட்டார்

நான்: மாமா 🙏🙏 இது ஒருத்தருக்கும் தெரியவில்லை

தம்பி: அம்மா, கவலை என்றால் கஷ்டம்தானே? அதற்கு எதற்கு மாடு

அம்மா: பொள்ளாச்சியில் படிக்கவைத்த லட்சணம்

பெரியப்பா: கிணற்றில் மாடு கட்டி இறைப்பதுடா. தண்ணீர் மொள்ளுகிற தோல் பறி, அதன் அடியில் தும்பி என்கிற தோல் குழாய், பறியை இழுக்க வடக்கயிறு, தும்பியை இழுக்க வால்கயிறு. மாடு இறங்கி ஏறுகிற சரிவு வாரி. இப்போது வாரியில்தான் உன் பைக் நிற்கிறது.

தம்பி: அந்தச் சரிவா!

நான்: அப்பத்தா ரெக்கார்டிங்கில் இன்னொன்றும் இருக்கிறது. கிணற்றில் இருப்பதைத் தண்ணீர் என்கிறாள், வாய்க்காலில் வருவதை வெள்ளம் என்கிறாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தமிழில் வெள்ளம் என்றால் ஊரை அடிப்பது. அவள் இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு, சொந்தக் கிணற்றுக்கு ஒன்று, அரசாங்க வாய்க்காலுக்கு ஒன்று என்று பிரித்திருக்கிறாள். எழுதிக் காட்டினால் நம்பமாட்டார்கள். அவள் குரலில் கேட்கவேண்டும்.

பெரியப்பா: வாய்க்காலில் வெள்ளமும் இல்லை, தண்ணீரும் இல்லை. 1970 பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் தமிழ்நாடு கேரளாவுக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி (டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) விடவேண்டும். காகிதத்தில் இருக்கிறது.

துபாய் அண்ணன்: அப்பா ஆரம்பித்துவிட்டார்

பெரியப்பா: ஆரம்பிக்காமல்? கடைமடையில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். மூலத்தறை தடுப்பணையில் ஷட்டர் திறந்தால் இங்கே வந்துசேர எத்தனை நாள் ஆகிறது என்று பாப்பா அதையும் எழுதினாளா?

பெரியம்மா: தேங்காய் வியாபாரி நாளைக்கு வருகிறான். நீங்கள் யூனிவர்சிட்டி போனால் யார் எண்ணுவது

பெரியப்பா: மறுநாள் வரச்சொல்.

மாலை 6:10
மாமா: விட்ட இடத்துக்கு வருகிறேன். பாப்பா, உன் லேப்டாப்பா, ஹால் கம்ப்யூட்டரா?

நான்: என் லேப்டாப்பை மாட்டலாம் என்று பார்த்தேன். அதில் டைப் சி மட்டும்தான். ஹாலில் தொங்குவது எச்டிஎம்ஐ.

மாமா: தம்பி வருகிற வழியில் டைப் சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுகிற அடாப்டர் ஒன்று வாங்கி வரட்டும். மாட்டினதும் விண்டோஸ் பொத்தானும் பி எழுத்தும் சேர்த்து அமுக்கு. 'டூப்ளிகேட்' வைத்தால் உனக்கும் ஹாலுக்கும் ஒரே படம். இன்னொரு விஷயம், எச்டிஎம்ஐ மாட்டினதும் லேப்டாப் தானாகவே சத்தத்தைப் புரொஜெக்டருக்குத் திருப்பிவிடும். ஹால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு எந்த வழி என்று மாற்றவேண்டும். ஜூமுக்குள்ளும் ஒருமுறை பார்த்துக்கொள்.

நான்: ஹால் கம்ப்யூட்டரே போதும் என்று நினைத்தேன். ஆனால் அதில் என் பழைய ஸ்லைடு கொக்கி கொக்கியாகத் தெரிந்தது. முதல் இரண்டு இயலும் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்தது.

மாமா: பாமினி அந்த மெஷினில் இல்லை என்றால் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் கொக்கியும்தான் வரும். இன்று ராத்திரியே பிடிஎஃப் ஆக்கிவிடு. எங்கே திறந்தாலும் எழுத்து அப்படியே நிற்கும். ஆனால் பிடிஎஃபில் ஆடியோ வராது. அதைத் தனி ஃபைலாக டெஸ்க்டாப்பில் வை. பென் டிரைவிலிருந்து ஓட்டாதே, இணையத்திலிருந்தும் வேண்டாம்.

அம்மா: அப்பா கேட்கிறார், பட்டுச்சேலையா காட்டன் சேலையா

அத்தை: காட்டன். ஆத்தா போய் வருஷம் திரும்பவில்லை. கேக் கீக் எதுவும் வேண்டாம்

மாமா: காட்டன் நல்லது. பட்டு மைக்கில் உரசினால் சரசர என்று கேட்கும். காலர் மைக்கை முந்தானையில் மாட்டாதே, அது நகரும். தோள்மடிப்பில் பின் குத்துகிற இடத்தில், தாடையிலிருந்து ஒரு சாண் கீழே. தாலிக்கொடி, செயின் எதுவும் அதில் படக்கூடாது. புது பேட்டரி ஒரு ஜோடி கையில் இருக்கட்டும்.

பெரியம்மா: இன்னும் தாலியே ஏறவில்லையே 😀

நான்: பெரியம்மா!! நாளைக்கு வைவா

மாலை 7:35
மாமா: 8 மணிக்கு எல்லோரும் ஒரு ஒத்திகை. லிங்க் போட்டிருக்கிறேன். பேரை மாற்றிக்கொண்டு உள்ளே வாருங்கள். நாளைக்கு வெயிட்டிங் ரூம் இருக்கும். 'ரெட்மி நோட்' என்று நின்றால் கைடு யாரென்று தெரியாமல் வெளியிலேயே விட்டுவிடுவார்.

பெரியப்பா: பேர் எங்கே மாற்றுவது

துபாய் அண்ணன்: அப்பா, அம்மா போனைக் கொடுங்கள், நான் சொல்கிறேன்

இரவு 8:09
அத்தை: ஐயோ இது என்ன ஊளை

மாமா: மச்சான் வீட்டில் இரண்டு போனும் ஒரே அறையில். ஒன்றின் ஸ்பீக்கர் சத்தம் இன்னொன்றின் மைக்கில் ஏறிச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு போனை வெளியே எடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான். நாளை ஹாலிலும் இதே விதி, பாப்பா. ஒரே ஒரு மெஷினில் மைக்கும் ஸ்பீக்கரும். மற்ற லேப்டாப்காரர்கள் ஆடியோவில் சேரவே கூடாது, ம்யூட் மட்டும் போதாது, ஸ்பீக்கரும் அடங்கவேண்டும்.

பெரியம்மா: நான் என் போனை சமையலறைக்கு எடுத்துப் போகிறேன்

இரவு 8:43
பெரியப்பா: யார் என்னை அறுத்தது

தம்பி: எனக்கும் போய்விட்டது

பெரியப்பா: ஆத்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். பாதியில் வெட்டியாயிற்று. 2009 கோவில் நோம்பியிலும் இதேதான். மேடையில் நான் பேசும்போது மைக்கை அணைத்தது யார்?

அத்தை: அண்ணா, அன்றைக்குக் கரண்ட் போனது. எத்தனை வருஷம் சொல்வது

பெரியப்பா: கரண்ட் போனால் ட்யூப்லைட்டும் போகவேண்டும். ட்யூப்லைட் எரிந்தது.

மாமா: ட்யூப்லைட் ஜெனரேட்டரில், மச்சான். என் ஆம்பிளிஃபயர் வீட்டு லைனில். பெட்டி புகைந்தது. அன்றைக்கே காட்டினேன், நீங்கள் பார்க்கவில்லை.

மாமா: இப்போது வெட்டியதும் நான் இல்லை. இது என் இலவசக் கணக்கு. ஜூமில் காசு கட்டாத கணக்குக்கு 40 நிமிஷம்தான். 8 மணிக்கே நான் சொல்லியிருக்கவேண்டும், அது என் தப்பு. நாளைக்குப் பல்கலைக்கழகக் கணக்கு, அதற்கு இந்தக் கெடு இல்லை.

அம்மா: விடுங்கள். நாளைக்கு நல்ல காரியம்

(பெரியப்பா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்)

துபாய் அண்ணன்: அப்பா, என்ன நீக்கினீர்கள்

பெரியம்மா: திண்ணைக்குப் போய்விட்டார்

நான்: மாமா, இன்னும் ஒருமுறை அப்பத்தா ஆடியோ மட்டும் பார்த்துவிடலாமா? 10 நிமிஷம். ஷேர் சவுண்டோடு. நாளைக்குப் போடப்போவது 3 நிமிஷம் 20 விநாடி.

மாமா: புது லிங்க் போடுகிறேன். பெரியப்பாவையும் வரச்சொல்.

பெரியம்மா: போனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்

இரவு 9:26
துபாய் அண்ணன்: கேட்கிறது. ராட்டினம்கூடக் கேட்கிறது. எங்கள் வீட்டுக் கிணற்றடியிலேயே நிற்கிற மாதிரி

அத்தை: அம்மா இருமுவது

அம்மா: நான் குடத்தை வைக்கிற சத்தம். அன்றைக்குச் சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர் போட்டேன்

தம்பி: நாக்குச் சத்தம் சூப்பர் அக்கா. இரண்டு தட்டு, ஒரு இழுப்பு

மாமா: மலேசியாவுக்கும் இப்படியே போகும். சத்தத்தை நடுவில் கூட்டிக் குறைக்காதே.

இரவு 9:34
பெரியப்பா: கடைசியில் என்ன சொல்கிறாள்? எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இன்னொருமுறை போடு.

நான்: எழுதியே வைத்திருக்கிறேன் பெரியப்பா. "பெரியவந்தான் வால்கவுறு புடிப்பான். ஒம்பது வயசு. கை பொத்துப்போவும், சொல்லமாட்டான்." இரண்டாம் பின்னிணைப்பில் முழுசாக இருக்கிறது.

பெரியப்பா: பத்து வயசு. ஒன்பது இல்லை.

பெரியப்பா: இன்னும் தழும்பு இருக்கிறது.

அத்தை: அண்ணா

இரவு 9:50
பெரியப்பா: காலை 6 மணிக்கு முன்னே கிளம்பவேண்டும். மாப்பிள்ளையும் வரட்டும். ஹாலில் அவர் பக்கத்தில் இருந்தால்தான் பாப்பாவுக்குத் தைரியம். அங்கே இருக்கிறவர்களுக்கு இந்தக் கட்டமெல்லாம் தெரியாது.

மாமா: வருகிறேன் மச்சான். 10 மணிக்கே உள்ளே போய்விட்டால் ஒரு மணி நேரம் பார்க்கலாம். கேமராவுக்கு எதிரில் ஜன்னல் இருக்கிறது, திரையை இழுத்துவிடவேண்டும். இல்லையென்றால் பாப்பா முகம் கறுப்பாகத்தான் தெரியும்.

அம்மா: நான், அவர், பெரியப்பா, அத்தை வீட்டு மாமா. 4 ஆகிறதே. 3 பேர்தானே சொன்னார்கள்

அத்தை: நான் வீட்டிலேயே பார்க்கிறேன். டிவியில் போட்டுத்தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் போனால் யார் போட்டுத்தருவது?

தம்பி: நான் வந்து போடுகிறேன் அத்தை

நான்: 4 பேருக்கு கைடிடம் காலையில் கேட்டுப்பார்க்கிறேன். அவர் ராத்திரி 9 மணிக்கு மேல் போன் எடுக்கமாட்டார்.

பெரியம்மா: தேங்காய்க்காரனுக்குச் சொல்லியாயிற்றா

தம்பி: அடாப்டர் வாங்கிவிட்டேன். மத்தியானச் சாப்பாடு என்ன ஆயிற்று

அம்மா: வைவா நடத்துகிற போர்டு மெம்பர்களுக்கு நாம்தான் வாங்கிக்கொடுக்கவேண்டுமாம். சைவமா என்னவென்று காலையில் பேசலாம். தூங்குங்கள்

மாமா: பாப்பா, பேட்டரி?

நான்: மறந்துவிட்டேன் மாமா

மாமா: டிவி ரிமோட்டிலிருந்து எடுத்து வருகிறேன். அதே சைஸ்தான் என்று போட்டோவில் தெரிகிறது.

அத்தை: அப்புறம் நான் டிவியை எப்படிப் போடுவது