மவுத்பீஸ் மாற்றினேன், சுருதி இறங்கிவிட்டது

சிங்கப்பூரில் ஒரு சமூக விண்ட் பேண்டில் இரண்டாம் கிளாரினெட் வாசிக்கிறேன். போன வருடம் புது மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனைப்பகுதி) வாங்கப் போனேன். வாண்டோரன் நிறுவனத்தின் எம்13 லையர் மாடலை ஊதிப் பார்த்ததும் அதன் குழைவான நாதம் மனதில் ஒட்டிக்கொண்டது. அன்றே வாங்கிவிட்டேன்.

அடுத்த ஒத்திகையிலேயே சிக்கல். எங்கள் பேண்டில் ஏ 442, அதாவது ஏ ஸ்வரம் நொடிக்கு 442 அதிர்வு என்று வைத்துச் சுருதி சேர்ப்போம். சேர்க்கும் ஸ்வரம் பி ஃபிளாட், கிளாரினெட்டுக்கு எழுதும்போது நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி. பாரலை (மவுத்பீஸுக்குக் கீழே உள்ள குட்டைக் குழாய்) முழுக்க உள்ளே தள்ளியும் டியூனர் முள் இடப்பக்கமே, அதாவது சுருதி குறைவாகவே நின்றது. பக்கத்து நாற்காலிக்காரரோடு அந்த சி-யை நீட்டினால், இரண்டு சுருதியும் சேராமல் ஒலி நொடிக்கு இரண்டு தடவை அலை அடிப்பது காதில் விழுந்தது. உதட்டை இறுக்கி ஏற்றிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் தாடை வலி, நாதமும் மெலிந்துபோனது.

சரி, 66 மில்லிமீட்டர் பாரலைக் கழற்றி 64 போட்டேன். சி கிட்டத்தட்ட சேர்ந்துவிட்டது. ஆனால் எல்லாத் துளைகளையும் திறந்து ஊதும் ஜி மேலே ஏறிவிட்டது! காரணம் எளிது. ஜி-க்கு ஒலிக்கும் குழாய் குட்டை, சி-க்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம். அதே 2 மில்லிமீட்டர் சி-யை ஏறக்குறைய 6 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏற்றினால் ஜி-யை 14 சென்ட் ஏற்றும்.

பிறகுதான் தெரிந்தது, எம்13 சேர்ந்த 13 வரிசையே 440-இல் வாசிக்கும் அமெரிக்கக் குழுக்களுக்காகச் செய்தது. 440-க்கும் 442-க்கும் நடுவே சுமார் 8 சென்ட். எனக்குக் குறைந்ததும் அவ்வளவுதான். மவுத்பீஸில் ஒரு குறையும் இல்லை, எங்கள் பேண்டுக்கு அது பொருந்தவில்லை. அதே நிறுவனத்தின், வழக்கமான 442 சுருதியில் வரும் 5ஆர்வி லையருக்கு மாறி, பழைய 66 பாரலையே திரும்பப் போட்டேன். சி, ஜி இரண்டும் சேர்ந்தன.

மறுமொழி:

அண்ணா, எனக்கு நடந்தது வேறு மாதிரி. முனைத் திறப்பு (மவுத்பீஸ் நுனிக்கும் ரீடுக்கும் நடுவே உள்ள இடைவெளி) அகலமான மவுத்பீஸில் இரண்டரை எண் ரீட் வைத்திருந்தேன். ரீட் என்பது அதிர்ந்து ஒலி எழுப்பும் நாணல் பட்டை; எண் கூடினால் அது கடினம். மெதுவாக ஊதினால் சரியாக இருக்கும், பலம் கூட்டக் கூட்டச் சுருதி இறங்கும். கிளாரினெட்டின் சுபாவமே அதுதான், என் மவுத்பீஸில் இன்னும் அதிகம். புல்லாங்குழலோ பலமாக ஊதினால் ஏறும். எங்கள் குழுவில் நானும் புல்லாங்குழல்காரரும் ஒரே வரியை மெல்ல ஆரம்பித்து உச்சத்துக்குக் கொண்டுபோகும் இடம் ஒன்று உண்டு. கடைசி ஸ்வரத்தில் இருவரும் தனித்தனியாகப் பிரிந்து நிற்போம். அழுகையே வந்துவிட்டது. திறப்பு குறைந்ததற்கு மாறி, ரீடை 3 ஆக்கியதும் இறக்கம் பாதியாகக் குறைந்தது. இப்போது எந்த மவுத்பீஸை எடுத்தாலும் டியூனரை நண்பர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒரே ஸ்வரத்தை மெலிதிலிருந்து முழு பலம் வரை ஊதிப் பார்த்த பிறகுதான் நாதத்தையே கவனிக்கிறேன்.