மூளைக்கட்டியோட இருக்கறவங்க யாராச்சும் எழுதறீங்களா? அனுபவம் சொல்லுங்க

திருச்சி வாசகி:
எனக்கு எடது டெம்போரல்ல, அதாவது காதுக்கு மேல இருக்கற மூளைப் பகுதில, க்ளையோமா (மூளைத் திசுலயே வளர்ற கட்டி), கிரேடு 2, மெதுவா வளர்ற வகை. அவேக் சர்ஜரி. அதாவது பேச்சு கெடாம பாத்துக்க, நாம முழிச்சிருக்கும்போதே மூளைல பண்ற ஆபரேஷன். முழிச்சு படுத்திருக்கேன், ஸ்க்ரீன்ல ஒவ்வொரு படமா காட்டி பேர் சொல்ல சொல்றாங்க. இது மாடு, இது குடை, இது செருப்புன்னு சொல்லிட்டே வரேன். அடுத்து பூட்டு படம். அது என்னன்னு எனக்கு நல்லா தெரியுது, எங்க வீட்டு கேட்ல தொங்கறது, ராத்திரி ரெண்டு தடவ இழுத்து பாத்துட்டுதான் அம்மா படுக்கவே போவாங்க, அது வரைக்கும் ஞாபகம் வருது, ஆனா "இது... இது..."ன்னு அங்கயே நிக்கறேன். பேரு மட்டும் வரல. அந்த நேரத்துல டாக்டர் மூளைல அந்த இடத்துல லேசா கரன்ட் வெச்சிருக்கார். எடுத்த உடனே "பூட்டு!"ன்னு கத்திட்டேன். அங்க ஒரு சின்ன நம்பர் வில்லைய வெச்சு அந்த இடத்த தொடாம விட்டுட்டாங்க. அந்த ஓரத்துல கட்டியும் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நோட்டுல எழுதறேன். யாரு வந்தாங்க, என்ன பேசினாங்க, எதுக்கு பயந்தேன், அவ்வளவுதான். பேசும்போது நான் ஒரு வார்த்தைக்கு தடுமாறினா எதிர்ல இருக்கறவங்க உடனே எடுத்துக் குடுத்துடறாங்க, பாசத்துலதான், ஆனா அது நான் தேடின வார்த்தையா இருக்காது. நோட்டு காத்துக்கிட்டிருக்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் என் வார்த்தையே வரட்டும்னு உக்காந்திருப்பேன், ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் சரி.

மண்டிக்கடை மகன்:
அப்பாவுக்கு வலது பரைட்டல்ல (மூளையோட மேல் பின்பக்கம்) ஜிபிஎம், வேகமா வளர்ற மூளைப் புத்துநோய். விருதுநகர்ல பருப்பு மண்டில கணக்கு எழுதினவர், ரிட்டயர் ஆகியும் வீட்டு வரவு செலவு தினம் எழுதுவார். கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் அந்த நோட்ட எதேச்சையா பொரட்டினேன். எடது பாதி வெறும் பேப்பர். தேதி, பால், கரன்ட் பில்லு எல்லாமே பக்கத்து நடுவுல ஆரம்பிச்சு வலது ஓரத்துல நெருக்கிக்கிட்டு நிக்குது. ஏம்ப்பா இந்தப் பக்கம் விட்டுட்டீங்கன்னு கேட்டா, "எந்தப் பக்கம்"ங்கறார். சாப்பாட்டுலயும் அப்படித்தான், தட்டுல எடது பக்கம் வெச்ச பொரியல தொட்டிருக்கவே மாட்டார், பொரியல் எங்கன்னு கேப்பார். கண்ணாடிய மாத்திப் பாத்தோம், அப்புறம்தான் எம்ஆர்ஐ. கண்ணுல கோளாறு இல்ல, கட்டியால எடது பக்கமே அவர் கவனத்துல வரல.

ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் ரேடியேஷன், கூடவே டெமோசோலமைட்ங்கற கீமோ மாத்திரை. அப்பவும் எழுதினார். ஒரு நாள் செலவுக்கு கீழ ஒரு வரி: "தம்பி லீவு போட்டு வந்திருக்கான், சம்பளம் பிடிப்பார்களா, கேட்கவேண்டும்." வாழ்க்கைல கணக்கு நோட்டுல கணக்கத் தவிர ஒரு எழுத்து எழுதாத மனுஷன். என்கிட்ட நேர்ல கேக்கவே இல்ல.

சேலத்து அக்கா:
எழுதினா மனசு லேசாகும்னு எல்லாரும் சொல்லிடறீங்க, எழுத கை வேணாமா? எனக்கு மெனிஞ்சியோமா (மூளைய மூடியிருக்கற உறைல வர்ற கட்டி), கிரேடு 1, எடது பக்கம், வலது கைய அசைக்கற ஏரியாவ அழுத்திக்கிட்டு இருந்துச்சு. எடுத்தாச்சு, கை முழுசா திரும்பல. பேங்க்ல கையெழுத்து ஒத்துப்போகலன்னு செக்க திருப்பிட்டாங்க. போன தை மாசம் சொந்தத்துல கல்யாணம். பந்தில எடது கைல ஸ்பூன் பிடிச்சு சாம்பார் சாதம் சாப்பிடறேன், எதிர் வரிசைல பெரியம்மா, "அது கேன்சர் இல்லையாமே, நல்ல கட்டிதானாமே, அப்புறம் ஏண்டி பீச்சாங்கைல திங்கற"ன்னு சத்தமா கேட்டாங்க. பரிமாற வந்த பையன் கரண்டிய அப்படியே நிறுத்திட்டான். நான் எலைய மூடிட்டு எழுந்துட்டேன், பாயசம் கூட வரல அப்போ. நல்ல கட்டின்னு யாராவது சொன்னா இப்பவும் அந்த எலதான் கண்ணுல வருது.

கோவை அண்ணன்:
என் தம்பிக்கு ஒலிகோ, அதுவும் க்ளையோமால ஒரு வகை. பஸ் ஸ்டாண்ட்ல ஃபிட்ஸ் வந்தப்போ யாரோ கைல சாவிக்கொத்த திணிச்சு விரல மடக்கி அமுக்கிட்டாங்க, உள்ளங்கைல தழும்பு இன்னும் இருக்கு. அதனால சொல்றேன், எல்லாரும் வீட்ல இருக்கறவங்களுக்கு படிச்சுக் காட்டுங்க. இரும்பு குடுக்காதீங்க, அதால ஃபிட்ஸ் நிக்காது. வாய்ல ஸ்பூன், துணி எதுவும் வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. ஒருக்களிச்சு படுக்க வைங்க, மணி பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா 108 கூப்பிடுங்க. முடிஞ்சா வீடியோ எடுங்க, எந்தப் பக்கத்துல ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேப்பார். லெவிட்டிராசெட்டம்ங்கற ஃபிட்ஸ் மாத்திரை போட்டா சிலருக்கு கோவம் பொங்கிக்கிட்டு வரும், அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கலாம். ரிப்போர்ட்ல க்ளையோமான்னு மட்டும் போட்டிருந்தா ஐடிஹெச்ங்கற ஜீன்ல மாற்றம் இருக்கான்னு பாத்தாங்களான்னு கேளுங்க, 2021ல டபிள்யூஹெச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) மூளைக்கட்டி வகைய மாத்தினதுல அதுக்கு பெரிய எடம் இருக்கு. எம்ஆர்ஐ ஃபிலிம் மட்டும் போதாது, ஸ்கேன் படமெல்லாம் இருக்கற சிடி டிஸ்க்கும் வாங்கி வைங்க. திருச்சி வாசகி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு எழுதாதீங்கம்மா, தூக்கம் கெட்டா ஃபிட்ஸ் வரலாம். காலைல எழுதுங்க.

பால் வாசம்:
எனக்கு ஆரம்பமே ஒரு வாசனைதான். அடுப்புல ஒண்ணுமே இருக்காது, ஆனா பால் தீஞ்ச வாசம் மூக்க அடைக்கும், அரை நிமிஷத்துல போயிடும். போய்ப் போய் அடுப்ப பாத்துட்டு வருவேன், பக்கத்து வீட்ல கூட கேட்டேன். அதுவே ஒரு சின்ன ஃபிட்ஸ்னு டாக்டர் சொன்ன நாள்ல எனக்கு வந்தது பயம் இல்ல, அந்த வாசம் நெஜம்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டாரேன்னு ஒரு நிம்மதி. ஹங்கேரி எழுத்தாளர் ஃப்ரிஜெஷ் கரிந்திக்கு 1936ல புடாபெஸ்ட் காபிக்கடைல உக்காந்திருக்கும்போது ரயில் ஓடற சத்தம் கேட்டுச்சு, அங்க ரயிலே கெடையாது. அவருக்கும் மூளைக்கட்டிதான். ஸ்டாக்ஹோம்ல ஒலிவெக்ரோனாங்கற டாக்டர் ஆபரேஷன் பண்ணார், கரிந்தி முழிச்சே இருந்தார், அப்புறம் உக்காந்து அத்தனையும் எழுதினார். அத படிச்ச அன்னிக்குத்தான் நானும் வாசம் வர்ற நேரத்தையெல்லாம் தேதி போட்டு எழுத ஆரம்பிச்சேன்.

திருச்சி வாசகி:
கோவை அண்ணா, சரி, காலைலயே எழுதறேன். சேலம் அக்கா, எல்லாரும் எழுதணும்னு நான் சொல்லல, எனக்கு நோட்டு ஏன் பிடிச்சிருக்குன்னு மட்டும்தான் சொன்னேன். ஆனா கை வேணாமான்னு நீங்க கேட்டது நியாயம், எனக்கு அது தோணவே இல்ல. இவ்வளவு பெரிய பதிவ இங்க எப்படி போட்டீங்க? மண்டிக்கடை அண்ணா, அப்பாவுக்கு பதில் சொன்னீங்களா?

மண்டிக்கடை மகன்:
அதே நோட்டுலயே எழுதினேன், "லீவு இருக்குப்பா, சம்பளம் பிடிக்க மாட்டாங்க"ன்னு. அவர் கண்ணுக்கு படணுமேன்னு வலது ஓரமா எழுதினேன். மறுநாள் பக்கத்துல டிக் போட்டிருந்தார்.

சேலத்து அக்கா:
கோவமா போட்டுட்டேனேன்னு நெனைக்காத கண்ணு, உன்மேல இல்ல. போன் கீபோர்டுல மைக் படம் இருக்கும், தமிழ்னு வெச்சுட்டு பேசினா அதுவே டைப் பண்ணும். நம்ம சேலத்து பேச்ச பாதி தப்பா எடுக்கும், அப்புறம் எடது விரலால திருத்திக்குவேன். பந்தி கதைய முழுசா இதுல பேசித்தான் வெச்சிருக்கேன், இங்க போட்டது கொஞ்சம்தான். மீதிய நாளைக்கு போடறேன், பெரியம்மா அப்புறம் வீட்டுக்கே வந்தாங்க.