ஏர்ஸ்பீடு இண்டிகேட்டருக்கு "காற்றுவேகமானி" வேண்டாம்னு ஏன் சொல்றேன்னா

வணக்கம் நண்பர்களே,

நம்ம விமான சிமுலேட்டர் பழுதுநீக்கக் கையேட்டுக்கு கலைச்சொல் முடிவு பண்றதுல, ஏர்ஸ்பீடு இண்டிகேட்டருக்கு (விமானி பேனல்ல வேகம் காட்டுற டயல்) "காற்றுவேகமானி"ன்னே போட்டுடலாம்னு நிறைய பேர் ஒத்துக்கிட்ட மாதிரி தெரியுது. அது உறுதியாகுறதுக்கு முன்னாடி என் எதிர்ப்பை கொஞ்சம் விளக்கமா எழுதிடறேன், பொறுமையா படிங்க.

அந்தப் பேர்ல ஏற்கனவே வேற ஒரு கருவி இருக்கு. வானிலை நிலையத்துல கிண்ணம் கிண்ணமா சுத்துமே அனிமோமீட்டர், அதைத்தான் காற்று வேகமானின்னு சொல்லிட்டு வர்றோம். அது காத்து எவ்வளவு வேகமா வீசுதுன்னு அளக்குது. விமானத்துல இருக்கறது, சுத்தி இருக்கற காத்தைப் பொறுத்து விமானம் எவ்வளவு வேகமா போகுதுன்னு காட்டுது. ரெண்டும் ஒண்ணு இல்ல.

சிமுலேட்டர்ல இது எங்க மாட்டிவிடும்னா, வானிலை செட்டிங்ல விண்ட் ஸ்பீடை "காற்றின் வேகம்"னு தமிழ்ல போட்டிருக்கோம். ஒருத்தர் "காற்றுவேகம் 0 காட்டுது, என்ன பண்றது"ன்னு உதவி கேட்டா அவர் வானிலையைச் சொல்றாரா, பேனல்ல ஊசி எழும்பலங்கறாரா? பதில் சொல்றவர் வானிலைல போய் பாருங்கம்பார், அவரும் அங்க காத்தை 60 நாட்னு (நாட்ங்கறது விமானத்துல வேகத்துக்கு அலகு) ஏத்துவார், விமானம் ஓடுபாதைல அந்தக் காத்தைப் பார்த்து பிரேக் போட்டு நிக்குதுன்னு வைங்க, ஊசி நிஜமாவே 60 கிட்ட எழும்பி நிக்கும்! ஏன்னா காத்தைப் பொறுத்து விமானம் 60 நாட்லதானே "போகுது". உடனே அவர் ஓ இது வீசுற காத்தோட வேகத்தைக் காட்டுற கருவின்னு மனசுல பதிச்சுக்குவார், அதுக்கப்புறம் அவருக்கு எந்தப் பழுதையும் விளக்கவே முடியாது. (இந்த 60 நாட் எதிர்க்காத்து சோதனை உண்மைல ரொம்ப நல்ல சோதனை, தரைல நின்னுக்கிட்டே ஊசி வரைக்கும் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்துடலாம், கையேட்டுல கண்டிப்பா இருக்கணும். ஆனா பேர் சரியா இருந்தாத்தான் அது சோதனை, இல்லன்னா குழப்பம்.)

அதனால என் பரிந்துரை காற்றுச்சார் வேகம். இயற்பியல் பாடத்துல சார்புத் திசைவேகம்னு படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். கிரவுண்ட் ஸ்பீடுக்கு தரைச்சார் வேகம்னு ஜோடியும் கிடைச்சுடுது. காற்றுச்சார் வேகம் 100, எதிர்க்காத்து 20, தரைச்சார் வேகம் 80ன்னு ஒரே வரில எழுதிப் பாருங்க, மூணும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம நிக்குது. சிலர் சொல்ற "வான்வேகம்" சின்னதா அழகா இருக்குங்கறது உண்மைதான், ஆனா தரைச்சார் வேகமும் வானத்துல போற விமானத்தோட வேகம்தானே, அந்தச் சொல் எதையும் பிரிச்சுக் காட்டல. எதைப் பொறுத்த வேகம்ங்கறதுதான் இங்க விஷயமே.

அடுத்து, பேரோட கடைசில மானியா காட்டியா. நிஜ விமானத்துல அந்த டயலுக்குள்ள மெல்லிய உலோக டப்பி ஒண்ணு இருக்கும், விமானம் போற திசையை நோக்கி வாய் திறந்திருக்கற பிட்டோ குழாயோட மொத்த அழுத்தம் டப்பிக்குள்ள, பக்கவாட்டுத் துளைலேர்ந்து வர்ற நிலை அழுத்தம் டப்பிக்கு வெளிய, வித்தியாசத்துக்குத் தக்கபடி டப்பி உப்பும், ஊசி நகரும். ஆக அது அளக்குறது அழுத்த வித்தியாசம், வேகம்னு காட்டிக்குது. வீட்டு சிமுலேட்டர்ல அந்த அழுத்தமும் கிடையாது, மென்பொருள் கணக்குப் போட்ட எண் மட்டும்தான். அதனால காட்டி. இதுல நடைமுறை லாபமும் இருக்கு, பழுது பார்க்கறப்ப முதல் கேள்வியே "திரைல இருக்கற காட்டி தப்பா, நீங்க செஞ்சு மாட்டின காட்டி தப்பா"ங்கறதுதான். திரைல சரியா இருந்து வெளி டயல் மட்டும் தப்புன்னா சிமுலேட்டர்ல தேடுறது வீண், ஒயர், மோட்டார், சிமுலேட்டருக்கும் டயலுக்கும் இடைல இருக்கற மென்பொருள் இதுகளைப் பாருங்க. சில இடைமென்பொருள் வேகத்தை நாட் எண்ணை 128-ஆல பெருக்கித்தான் கொடுக்கும், வகுக்காம அப்படியே அனுப்பினா விமானம் நகர ஆரம்பிச்சதுமே ஊசி கடைசில போய் முட்டும். சின்ன ஸ்டெப்பர் மோட்டார்ல தான் எங்க நிக்கறோம்ங்கறதே மோட்டாருக்குத் தெரியாது, ஆரம்பத்துல ஒருதடவை பின்னாடி தடுப்பு வரைக்கும் ஓட்டி சுழியம் பிடிக்கணும், அது விட்டுப்போச்சுன்னா எல்லா வேகத்துலயும் ஊசி ஒரே கோணம் தள்ளி நிக்கும்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படற சொல், "உறைதல்". வரைவுல "பிட்டோ உறைந்தது"ன்னும் இருக்கு, "ஊசி உறைந்தது"ன்னும் இருக்கு. முதல்ல சொன்னது பனி, ரெண்டாவது அசையாம நிக்கறது. ஆனா பிட்டோ பனியால அடைச்சா ஊசி அசையாம நிக்கும்னு எந்தக் கட்டாயமும் இல்ல! முன் வாய் மட்டும் அடைச்சு, குழாய்ல தண்ணி வெளியேற இருக்கற வடிகால் துளை திறந்திருந்தா உள்ள இருக்கற அழுத்தம் வடிஞ்சு ஊசி கீழ இறங்கி 0க்குப் போயிடும். ரெண்டுமே அடைச்சா அழுத்தம் உள்ளயே சிக்கிக்கும், சமமா பறக்கறப்ப த்ராட்டிலை (என்ஜின் விசையை) குறைச்சாலும் ஏத்தினாலும் ஊசி நகராது, மேல ஏறினா வேகம் கூடுற மாதிரியும் கீழ இறங்கினா குறையுற மாதிரியும் காட்டும். அதாவது உயரமானி மாதிரி நடந்துக்கும். 1996 பிப்ரவரில டொமினிக்கன் குடியரசோட புவெர்ட்டோ பிளாட்டாலேர்ந்து கிளம்பின பிர்ஜன்ஏர் நிறுவனத்தோட போயிங் 757 விமானம் விழுந்ததுக்கு இந்த மாதிரி பிட்டோ அடைப்பு (பனியால இல்ல) ஒரு முக்கியக் காரணம், மேல ஏற ஏற கேப்டனோட காட்டி அதிவேகம் காட்டுச்சு, நிஜத்துல விமானம் வேகம் இழந்துக்கிட்டு இருந்தது, 189 பேர் போயிட்டாங்க. ஆக பனிக்கு "பனி அடைப்பு"ன்னும், ஊசிக்கு "ஊசி நின்றுவிட்டது"ன்னும் போடுவோம், உறைதலே வேண்டாம்.

அதே மாதிரி "பழுது"ன்னு பொதுவா போடறதும் போதாது. ஃப்ளைட்கியர் சிமுலேட்டர்ல பிட்டோவை செயலிழக்க வச்சா அழுத்தக் கணக்கு அந்த எண்லயே நின்னுடும், அதாவது அது முழு அடைப்பு, ஏறி இறங்கிப் பார்த்தா ஊசி மேல சொன்னபடியே ஆடும். காட்டியையே செயலிழக்க வச்சா எதுக்கும் ஆடாது. முன்னதுக்கு அடைப்பு, பின்னதுக்கு பழுது. நிலை அழுத்தத் துளை அடைப்பு தனி: உயரமானி நின்னுடும், ஏறு-இறங்கு வேகம் 0, காற்றுச்சார் வேகம் ஏறுறப்ப குறைவாவும் அடைச்ச உயரத்துக்குக் கீழ அதிகமாவும் காட்டும். 1996 அக்டோபர்ல பெரு நாட்டுல லிமா கிட்ட ஏரோபெரு 603 விமானம் விழுந்தது, கழுவறப்ப அந்தத் துளைகள் மேல ஒட்டின டேப்பை எடுக்காம விட்டதால.

இன்னொண்ணு, ட்ரூ ஏர்ஸ்பீடுக்கு (மேல போகப்போக காத்தோட அடர்த்தி குறையறதைக் கணக்குல எடுத்துத் திருத்தின வேகம்) வரைவுல இருக்கற "உண்மை வேகம்". பழைய எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) செட்டிங்ல காட்டில எந்த வேகம் தெரியணும்னு ரெண்டு தேர்வு இருக்கும். ஒண்ணு "காட்டும் வேகம்", இன்னொண்ணு "உண்மை வேகம்"னு போட்டா நம்ம ஆளுங்க எதை எடுப்பாங்க? உண்மையைத்தான். அப்புறம் 10,000 அடில 100 காட்ட வேண்டிய ஊசி 116 கிட்ட காட்டும், 50ல ஸ்டால் ஆகணும்னு (இறக்கை தாங்குற சக்தியை இழக்கறது) கையேடு சொல்ற விமானம் 58லயே ஸ்டால் ஆகுற மாதிரி தெரியும், காட்டி கெட்டுப்போச்சுன்னு புகார் வரும். எதுவும் கெடல. விமானத்தைத் தாங்கறது ஊசியை நகர்த்துற அந்த அழுத்த வித்தியாசத்தைப் பொறுத்ததுதான், அதனால ஸ்டாலுக்கு நம்ப வேண்டியது காட்டும் வேகத்தைத்தான், ஆனா தமிழ்ல உண்மைன்னு ஒண்ணுக்கு பேர் வச்சுட்டா மத்தது பொய்யாயிடுது. அடர்த்தி திருத்திய வேகம்னு வச்சா நீளம்தான், ஆனா என்ன வித்தியாசம்னு அந்தப் பேரே சொல்லிடும்.

பிட்டோவைத் தமிழாக்க வேண்டாம், அது 1732ல செய்ன் ஆத்துல தண்ணி வேகத்தை அளந்த ஆன்ரி பிட்டோவோட பேரு. கடைசி எழுத்து ஒலிக்காது, அதனால "பிடாட்"னு எழுதறதையும் விட்டுடலாம். பாக்கி இருக்கறது வெளித் துளை அடைச்சா பயன்படுத்த கேபினுக்குள்ள இருக்கற மாற்று நிலை அழுத்த ஏற்பாடு, அதை "மாற்றுத் துளை"ன்னு வரைவுல போட்டிருக்கு, ஆனா பேனல்ல பயனர் தேடப்போறது துளையை இல்ல, இழுக்குற குமிழை. "மாற்று அழுத்தக் குமிழ்" சரியா வருமா, இல்ல வேற ஏதாவது தோணுதா, சொல்லுங்க.