கருவாட்டு வாசத்தோடு ஒரு ஊமைப் படம்

எல்லோரும் ஊமைப் படம் பார்த்த கதையைச் சொல்கிறீர்கள், என் பங்குக்கு இது. போன ஜூன், மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலைந்து நாள் இருக்கும். பாம்பனில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் 'மை பெஸ்ட் கேர்ள்' போட்டேன். 1927 படம், ஹாலிவுட் நடிகை மேரி பிக்ஃபோர்டின் கடைசி ஊமைப் படம். சாப்ளின், கீட்டன் என்று தேடித்தேடிப் பார்ப்பவர்கள்கூட இதைப் பார்த்திருப்பது சந்தேகம்தான். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடித்த அடியில் பின்னணி இசை ஒன்றும் காதில் விழவில்லை. சரி, ஊமைப் படத்துக்கு எதற்குச் சத்தம் என்று அணைத்துவிட்டேன்.

ஒரு கடையின் சரக்கு அறையில் வேலை பார்க்கும் மேகி (பிக்ஃபோர்ட்தான்), புதிதாக வந்த ஜோவுக்கு வேலை பழக்குகிறாள். அவன் முதலாளி மகன் என்று அவளுக்குத் தெரியாது. கதை அவ்வளவுதான், நம்ம ஊரில் நூறு தடவை எடுத்தாயிற்று. ஆனால் இரண்டு பேரும் ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் ஒடுங்கி உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள் பாருங்கள், அதுவரை பக்கத்தில் நெத்திலிக் கருவாட்டுத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த அப்பத்தா, "எதுக்குள்ள உக்காந்திருக்குக?" என்று அதே கையால் திரையைத் தொட, படம் நின்றுபோனது. துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். "நாங்களும் கரையில ஏத்தின வல்லத்துக்கு மறைவுல..." என்று ஆரம்பித்தவர், சிரித்துவிட்டுக் கருவாட்டுக்குத் திரும்பிவிட்டார். எவ்வளவு கேட்டும் மிச்சம் வரவில்லை.

வசனத்துக்குப் பதிலாகத் திரையில் ஆங்கில எழுத்து வரும்போதெல்லாம் நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிப் பகுதியில் அவனை விலக்க வேண்டும் என்று மேகி உதட்டுச் சாயமும் சிகரெட்டுமாகக் காசுக்கு அலைபவள் போல நடிப்பாள். அங்கே வரும் எழுத்தை எப்படிச் சொல்வது என்று நான் முழிக்கிறேன், அதற்குள் அப்பத்தா, "பொய் சொல்லுறாடா, கண்ணைப் பாரு" என்றார். நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணைக் கவனிக்கவே இல்லை. பின்னால் ஓட்டிப் பார்த்தேன், ஆமாம்.

அப்புறம் தேடிப் பார்த்ததில், ஜோவாக நடித்த சார்லஸ் ரோஜர்ஸ் பிக்ஃபோர்டைவிட 12 வயது இளையவராம், 1937-இல் இருவரும் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்களாம். அப்பத்தாவிடம் சொன்னேன்.

"பத்து வருசமா? எதுக்கு அம்புட்டு நாளு?"

படம் எடுத்தபோது அந்த அம்மாவுக்கு வேறொரு கணவர் இருந்தார் என்பதை நான் சொல்லவில்லை.