மகளைச் சங்கீதத் தரப் பரீட்சைக்கு அனுப்புவதா, பொறுப்பதா?

ஹட்டன் தந்தை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் சங்கீதம் படித்ததில்லை என்பதால், இந்த விடயத்தில் நல்லது கெட்டது எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. 12 வயதான மகள் நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் நகரத்துக்குப் போய் வாய்ப்பாட்டுப் படிக்கிறாள். ஆரம்பப் பயிற்சிகளான வரிசைகளும் அலங்காரங்களும் முடிந்து, சில கீதங்களும் ஒரு ஸ்வரஜதியும் பாடமாகியுள்ளன. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைக்கு இந்த ஆண்டே விண்ணப்பிக்கும்படி அவளுடைய மிஸ் சொல்கிறார். சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் நாளைக்கு உதவும் என்பது என் மனைவியின் எண்ணம்.

தயக்கம் எனக்குத்தான். புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அந்த ஆண்டு முழுவதும் கடந்தகால வினாத்தாள்களைத் தவிர வேறெதையும் அவள் கையில் நான் கண்டதில்லை. பரீட்சை முடிந்த மறுநாளே அந்தப் புத்தகங்களையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டாள். கோயிலில் யாரும் கேட்காமலே முன்வந்து பாடுகின்ற பிள்ளை, பாட்டையும் ஒரு நாள் அப்படிக் கட்டி வைத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. சாதாரண தரத்தில் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எப்படியும் எடுக்கத்தான் போகிறாள். அதற்கு முன்னர் இந்தத் தரங்கள் தேவைதானா?

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை, பதுளை

தம்பி, சான்றிதழைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுவோம். சாதாரண தரத்துக்கோ உயர் தரத்துக்கோ சபையின் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ இசை படிக்க விரும்பும் பிள்ளைக்கும் உயர் தரப் பெறுபேறும் செய்முறைத் தேர்வும்தான் வழி. ஆறாம் தரமாகிய ஆசிரியர் தரம் வரை போய்க் 'கலாவித்தகர்' பட்டம் பெற்றால், சொந்தமாக வகுப்பு நடத்துகிறவருக்கு அதற்கொரு மதிப்பு உண்டு. இடையில் உள்ள ஒரு தரத்தின் தாள், கோவையில் கிடக்கும், அவ்வளவுதான்.

அப்படியிருந்தும், அனுப்புங்கள் என்றே சொல்வேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் காதில் நாதஸ்வரம் விழுகிறது. கொழும்புப் பிள்ளைக்கு வெள்ளவத்தைப் பக்கத்தில் கச்சேரிகளும் அரங்கேற்றங்களும் உண்டு. நம்முடைய பிள்ளைகளோ ஒரே ஆசிரியையின் குரலையும் கைத்தொலைபேசியையும் தவிர வேறெதையும் கேட்பது அரிது. அவர்களைக் கேட்பதற்கும் வேறு ஆள் கிடையாது. என்னிடம் படித்த ஒரு பிள்ளை மாயாமாளவகௌளை இராகத்தின் அந்தர காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை, சற்றே தாழ்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாரா வாரம் கேட்டுக் கேட்டு அந்தக் குறை என் காதுக்கே பழகிப்போயிற்று என்பது, பரீட்சகர் ஒருவர் அவளை ஒரே நிமிடத்தில் நிறுத்தித் திருத்தியபோதுதான் எனக்கு விளங்கியது. அன்று நான் பட்ட வெட்கத்தைவிட, எனக்கு விளங்காமலே இன்னும் எத்தனை பிள்ளைகள் அப்படிப் போயிருப்பார்கள் என்ற நினைப்புத்தான் பெரிதாக இருந்தது. வெளியாருடைய காது ஒன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது வேண்டும்.

ஆனால் இந்த ஆண்டே அனுப்ப வேண்டுமா என்பது வேறு கேள்வி. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அலங்காரத்தைச் சங்கராபரண இராகத்தில் பாடச் சொல்லுங்கள். பிறகு அதையே கல்யாணியில் பாடச் சொல்லுங்கள். இரண்டு இராகங்களுக்கும் மத்திமத்தில், அதாவது 'ம' ஸ்வரத்தில், மட்டும்தான் வேறுபாடு. தடுமாறினாலும் தானாகவே பிடித்துக்கொண்டால் ஸ்வரம் காதில் இருக்கிறது; எந்தப் பரீட்சையும் அவளைக் கெடுக்காது. தடுமாறியது தெரியாமலே பாடி முடித்தால் பாட்டு மனப்பாடத்தில் மட்டும் இருக்கிறது என்று பொருள். அப்போது ஓராண்டு பொறுங்கள்.

கொட்டகலை மாணவி

பதுளை மிஸ் சொன்னதோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். நான் ஆறு தரங்களையும் முடித்தவள். எழுத்துப் பரீட்சையில் இராக இலட்சணங்களுக்கு எனக்கு ஒருபோதும் புள்ளி குறைந்ததில்லை. ஆரோகணம், அவரோகணம், ஜீவ ஸ்வரம், பாடவேண்டிய நேரம் என்று வரிசையாக எழுதித் தள்ளுவேன். அவற்றுள் சில இராகங்களை அதுவரை ஒருமுறைகூடக் காதால் கேட்டதில்லை. எல்லாம் முடிந்த பின்னர் ஒரு திருமண வீட்டில் மோகனத்தை இரண்டு நிமிடம் ஆலாபனை செய்யச் சொன்னார்கள், முடியவில்லை. எங்கள் வகுப்பில் விண்ணப்பம் அனுப்பிய நாளிலிருந்து, விதிக்கப்பட்ட உருப்படிகளைத் தவிர வேறொரு பாட்டும் நடந்ததில்லை என்பதே காரணம்.

செலவையும் கணக்கில் எடுங்கள். கட்டணம் மட்டும் செலவன்று. பரீட்சை நாளில் அம்மா அன்றைய பேரை (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதியும் கணக்கை) இழந்துதான் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். மாதத்தில் இத்தனை பேர் என்று கணக்கிட்டு வாழும் வீட்டில், 'ஒரு நாள்தானே' என்று சொல்லிவிட முடியாது. அதனாலேயே, பாட விருப்பம் போன பிறகும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அண்ணா, அவளுடைய மிஸ்ஸிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பரீட்சைக்குப் படிக்கிற மாதங்களில், பாடத்திட்டத்தில் இல்லாத பாட்டு எதையாவது சொல்லிக் கொடுப்பாரா? (மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கும் எங்கள் தோட்டத்து அண்ணன்மார் எந்தத் தரமும் எழுதியதில்லை. ஆனால் அவர்களுக்குக் கேட்க ஊரே இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் பதுளை மிஸ் சொல்வது சரிதான்.)

நுவரெலியா கீபோர்டு

நான் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிப்பவன். என் அனுபவம் மேலைத்தேய இசையில் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபையான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் செய்முறைப் பரீட்சையின் 150 புள்ளிகளில் மூன்று உருப்படிகளுக்கு 90 தான். மிகுதி 60 புள்ளிகளும் ஸ்வரக் கோவைகளுக்கும், அதுவரை காணாத இசைக் குறிப்பைப் பார்த்த உடனே வாசிப்பதற்கும், கேட்டுச் சொல்வதற்கும் உரியவை. சித்திக்கு 100 வேண்டும் என்பதால், மூன்று பாட்டுகளை மட்டும் உருப்போட்டு அவற்றுக்கு முழுப் புள்ளி எடுத்தாலும் சித்தியடைய முடியாது. ஒவ்வொரு தரமாக ஏறவேண்டிய கட்டாயமும் இல்லை. நான் 1, 3, 5 என்று தாவித்தான் போனேன். ஆறாம் தரத்துக்கோ அதற்கு மேலோ போகும்போதுதான், ஐந்தாம் தரக் கோட்பாட்டுப் பரீட்சையில் அல்லது அதற்கு ஈடான ஒன்றில் முன்னரே சித்தியடைந்திருக்க வேண்டும். இடையில் பரீட்சையில்லாத ஆண்டுகளில்தான் கீதங்களுக்குக் கூடவே வாசிக்கப் பழகினேன்.

ஹட்டன் தந்தை

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு பதுளை மிஸ் சொன்னபடி மகளைப் பாடச் சொன்னேன். சங்கராபரணத்தில் தடையில்லாமல் பாடினாள். கல்யாணியில் ஏறும்போது சரியாகப் பாடினாள். இறங்கும்போது ஏதோ மாறியது எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவளே நிறுத்திச் சிரித்துவிட்டு, "பழைய மத்திமம் வந்துவிட்டது அப்பா" என்று சொல்லித் திரும்பப் பாடினாள். மூன்றாம் முறையும் அதே இடத்தில் தயங்கினாள். பரீட்சைக்குப் போக விருப்பமா என்று கேட்டதற்கு, ஸ்வரஜதிக்கு அடுத்துப் படிக்கும் வர்ணம் ஒன்றாவது முழுதாகப் பாட வந்த பிறகு போகலாம் என்கிறாள். கொட்டகலைத் தங்கை சொன்ன கேள்வியைச் சனிக்கிழமை அவளுடைய மிஸ்ஸிடம் கேட்கப்போகிறேன்.

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை, பதுளை

தானே நிறுத்தினாள் அல்லவா, எனக்கு அது போதும். வர்ணம் முடியட்டும், அடுத்த ஆண்டு அனுப்புங்கள். அதுவரை நவராத்திரிக்குக் கோயிலிலும், பாடசாலைத் தமிழ்மொழித் தினப் போட்டியிலும் பாடட்டும். அங்கேயும் வெளியார் கேட்பார்கள். கொட்டகலைப் பிள்ளை சொன்ன குறை எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குரியது; என் வகுப்பிலும் அது நடந்திருக்கிறது.

கல்யாணியில் இறங்கும்போது அவசரப்படாமல் பஞ்சமத்தில் நன்றாக நின்று, பிறகு மத்திமத்துக்கு வரச் சொல்லுங்கள். கல்யாணியின் பிரதி மத்திமம் பஞ்சமத்தை ('ப' ஸ்வரத்தை) ஒட்டியே இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தூரத்தில் தேடுவதால்தான் பழையது வந்துவிடுகிறது.